தம்பி, அந்த ஃபைல் உன் போனுக்கு உரியதுதானா?

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் காலேஜ் பையன் ஒருவன் கடைக்கு வந்தான். ரங்கூனில் அனோரத்தா சாலையை ஒட்டிய சந்தில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். செத்த போனோடு வருகிறவர்கள் முதல் ஐந்து நிமிடம் உண்மை சொல்ல மாட்டார்கள். இவனும் அப்படித்தான். "சார்ஜ்ல போட்டேன்ணே, தானா அணைஞ்சிடுச்சு." லேப்டாப்பில் செருகிப் பார்த்தேன். போனில் வெளிச்சமில்லை, அதிர்வில்லை. கம்ப்யூட்டரில் மட்டும் 9008 என்ற எண்ணோடு ஒரு போர்ட் எட்டிப் பார்த்தது. குவால்காம் சிப் உள்ள போன், எழுந்திருக்க வழி தெரியாமல் கிடக்கும்போது காட்டுகிற அடையாளம் அது. அப்படி வருகிற போனில் பெரும்பாலும் யாராவது கை வைத்திருப்பார்கள்.

"என்ன போட்டே?" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டு, "உபுண்டு டச்" என்றான். ஆண்ட்ராய்டுக்குப் பதிலாகப் போனில் போடுகிற ஒரு லினக்ஸ் சிஸ்டம் அது.

உண்மையில் அதை அவன் போடவே இல்லை. அதற்கு முந்தைய படியிலேயே போன் செத்துவிட்டது. 'முதலில் இந்த ஆண்ட்ராய்டு பதிப்புக்குப் போ, பிறகு இதை நிறுவு' என்று செய்முறையில் எழுதியிருந்திருக்கிறது. அந்தப் பதிப்பைத் தேடியவன், பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்று பக்கத்து மாடலின் ஃபைலை இறக்கி, போனை முதலில் எழுப்பும் நிரலான பூட்லோடர் உட்பட எல்லாவற்றையும் எழுதிவிட்டான். இதனால்தான் இதை எழுதுகிறேன். போனில் லினக்ஸ் போட்டுக் கெட்டதாக என்னிடம் வருகிறவற்றில் லினக்ஸ் கெடுத்தது அபூர்வம். கெடுத்தது அதற்கு முன்னால் நடந்த ஏதோ ஒன்று.

நம்மூர்க்காரர்களுக்குப் போனைக் குடைவது புதிதல்ல. 2014-இல் சிம் கார்டு 1,500 சாட்டுக்கு (சாட் என்பது இங்கத்துப் பணம்) வந்ததும் ஊரே ஸ்மார்ட்போன் வாங்கியது. பர்மிய எழுத்து சரியாகத் தெரிய அப்போது ஸோஜி என்ற ஃபான்ட் வேண்டியிருந்தது. அதற்குப் பல போன்களை ரூட் பண்ண வேண்டும், அதாவது கம்பெனி போட்ட தடையை உடைத்து முழு உரிமை எடுக்க வேண்டும். 2019 அக்டோபர் 1 அன்று, உலகப் பொது எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாறச் சொன்னது அரசு. பிறகு அதே போன்களைத் திரும்பக் குடைந்தோம். அந்தப் பழக்கத்தில் 'ஃப்ளாஷ் போடுறதுதானே' (போனில் புது சிஸ்டம் எழுதுவதைத்தான் அப்படிச் சொல்வோம்) என்று ஒரு துணிச்சல் எல்லோருக்கும் வந்துவிட்டது. எனக்கும்தான்.

அதோடு கம்ப்யூட்டர் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. வீட்டு லேப்டாப்பில் ஒரே பென்டிரைவை வைத்து எந்தக் கம்பெனி மெஷினிலும் லினக்ஸ் ஏற்றியிருப்போம். அங்கே அது நடப்பதற்குக் காரணம், என்னென்ன பாகம் எங்கே இருக்கிறது என்று மெஷினே சிஸ்டத்திடம் சொல்லிவிடும். போன் சொல்லாது. திரை எந்த வகை, சார்ஜர் ஐசி எது, டச் எந்தக் கம்பியில் இருக்கிறது என்று ஒவ்வொரு மாடலுக்கும் ஒருவர் உட்கார்ந்து எழுதிவைக்க வேண்டும். 'டிவைஸ் ட்ரீ' என்பது அதுதான். ரெடிமேட் சட்டைக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டைக்கும் உள்ள வித்தியாசம். அடுத்தவன் அளவில் தைத்தது உங்களுக்கு ஏறாது.

மாடல் பெயரோ நம்மைக் குழப்பவே வைத்ததுபோல் இருக்கும். ரெட்மி நோட் 8-இல் இருப்பது குவால்காம் சிப். ரெட்மி நோட் 8 ப்ரோவில் இருப்பது மீடியாடெக். பெயரில் ஒரு 'ப்ரோ'தான் கூடுதல், உள்ளே குடும்பமே வேறு. அதனால் இதைச் செய்கிறவர்கள் கடைப்பெயரை நம்புவதில்லை, உள்பெயரைப் பார்ப்பார்கள்: முதலாவது 'கிங்கோ', இரண்டாவது 'பெகோனியா'. உங்கள் போனின் உள்பெயர் தெரியாமல் எதையும் இறக்காதீர்கள். சில மாடல்களில் பழைய பதிப்பை மேலே எழுதினாலே போன் எழாது. பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் பூட்டு போட்டிருப்பார்கள். அதையும் முன்பே படித்துவிடுங்கள்.

வேறு சிஸ்டம் போட முதலில் பூட்லோடர் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்த நொடியில் போனில் உள்ள போட்டோ, எண், செய்தி எல்லாம் அழிந்துவிடும். அவற்றைப் பூட்டிவைத்திருக்கும் திறவுச்சாவியே அழிவதால் என்ன பணம் கொடுத்தாலும் நான் எடுத்துத் தர முடியாது. பிள்ளையின் முதல் பிறந்தநாள் படங்கள் அதில்தான் இருந்தன என்று ஓர் அக்கா என் கடையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். தம்பிக்காரன் 'சும்மா டெஸ்ட்' செய்த போன் அது. சாம்சங்கில் இன்னொன்று உண்டு. வேறு சிஸ்டம் ஏற்றினால் உள்ளே ஒரு ஃபியூஸ் நிரந்தரமாக எரிந்துவிடும். பழையபடி ஆண்ட்ராய்டு போட்டாலும் ரகசியக் கோப்புகளை வைக்கும் செக்யூர் ஃபோல்டர் திரும்பாது. சில கம்பெனிகள் பூட்டைத் திறக்கவே விடுவதில்லை. ஹுவாவே 2018-லேயே திறப்பு எண் கொடுப்பதை நிறுத்திவிட்டது. அந்த போன்களுக்கு 'நான் திறந்து தருகிறேன்' என்று காசு கேட்கிறவரிடம் ஜாக்கிரதை.

எல்லாவற்றையும்விட நான் கெஞ்சிச் சொல்வது ஒன்று. ஆண்ட்ராய்டை எப்போது வேண்டுமானாலும் நெட்டிலிருந்து இறக்கலாம். ஆனால் உங்கள் போனின் ஐ.எம்.இ.ஐ. என்ற அடையாள எண்ணின் பதிவும் சிக்னல் பிடிக்க உதவும் ரேடியோ அளவீடுகளும் உலகத்தில் அந்த ஒரு போனுக்குள் மட்டும்தான் இருக்கின்றன. அவை இருக்கும் பகுதிகள், குவால்காமில் 'மோடம்எஸ்டி1', 'மோடம்எஸ்டி2', 'பெர்சிஸ்ட்'. மீடியாடெக்கில் 'என்விராம்', 'என்விடேட்டா'. பூட்டைத் திறந்ததும் முதல் வேலையாக இவற்றைப் பிரதி எடுத்து, போனுக்கு வெளியே இரண்டு இடத்தில் வையுங்கள். இவை அழிந்தால் சிம் போட்டாலும் சிக்னல் வராது. அப்போது "ஏதாவது ஒரு நம்பர் எழுதிக் கொடுங்கண்ணே" என்பார்கள். அந்த வேலையை நான் செய்வதில்லை. வேலைக்கு முன் *#06# அழுத்தி, எண்ணை ஒரு தாளில் எழுதிவைத்தாலாவது பிறகு ஒப்பிட உதவும். லேப்டாப் பேட்டரி நன்றாக இருக்க வேண்டும் என்பதை நம்மூரில் சொல்லத் தேவையில்லை. கரண்ட் யாரைக் கேட்டுப் போகிறது?

சரி, எல்லாம் நல்லபடியாக ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். என்ன கிடைக்கும்?

உபுண்டு டச்சை 2013-இல் கனானிக்கல் என்ற கம்பெனி அறிவித்தது. 2017-இல் அவர்கள் கைவிட, யூபிபோர்ட்ஸ் என்ற தன்னார்வலர் குழு எடுத்து வளர்த்தது. பெரும்பாலான போன்களில் அடியில் ஆண்ட்ராய்டின் கெர்னலும் (சிஸ்டத்தின் கரு) பாகங்களை இயக்கும் டிரைவர்களும் அப்படியே இருக்கும், மேலே லினக்ஸ் உட்காரும். அதனால் கேமரா, போன் கால் ஓரளவு தேறும். போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் என்ற இன்னொரு லினக்ஸ் வேறு வழியில் போகிறது. முடிந்தவரை சுத்தமான லினக்ஸ் கெர்னல், ஒரு போன் பத்து வருடம் உழைக்க வேண்டும் என்ற ஆசை. ஆசை பெரிது, கேமரா பல மாடல்களில் இல்லை. 'டெஸ்டிங்' என்று அவர்களுடைய மாடல் பட்டியலில் போட்டிருந்தால் திரை எரிந்ததே சாதனை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்க்டாப் மாதிரி மானிட்டரில் செருகி விண்டோ விண்டோவாக வேலை பார்க்கலாம் என்ற கனவோடுதான் பாதிப் பேர் வருகிறார்கள். டைப்-சி ஓட்டை இருந்தால் மட்டும் படம் வெளியே வராது. விலை குறைந்த, நடுத்தர போன்களில் அந்த ஓட்டைக்குப் பின்னால் பெரும்பாலும் யூ.எஸ்.பி. 2.0 கம்பிகள்தான் இருக்கும், வீடியோ போகும் கம்பி இராது. அதேபோல கம்ப்யூட்டர் மென்பொருள் எல்லாம் ஓடும் என்றும் நினைக்க வேண்டாம். லேப்டாப்புக்கு என்று கட்டிய வைபர் என்ற அரட்டைச் செயலி, போனில் இருக்கும் ஆர்ம் வகை சிப்பில் ஏறாது. இங்கே பணம் அனுப்பப் பயன்படும் கேபிஇசட் பே, வேவ் பே இரண்டும் ஆண்ட்ராய்டு, ஐபோன் செயலிகள். வேட்ராய்டு என்று லினக்ஸுக்குள் ஆண்ட்ராய்டை ஓட்டும் வழி உண்டு. ஆனால் பணம் தொடர்பான செயலிகள் போன் கலப்படமில்லாமல் இருக்கிறதா என்று சோதிப்பவை. அங்கே திறக்கும் என்று நம்பி உங்கள் சம்பளத்தைப் பிணை வைக்காதீர்கள். வோல்ட்டி (4ஜியிலேயே பேசும் வசதி) இல்லாத சிஸ்டமானால் கால் வரும்போது போன் 3ஜி, 2ஜிக்கு இறங்கியாக வேண்டும். சிக்னல் மெலிந்த இடத்தில் கால் வந்ததே தெரியாது.

இத்தனை சொல்கிற நானும் ஒன்று வைத்திருக்கிறேன். திரை உடைந்து யாரும் திரும்ப வாங்காத ஒரு பழைய போனில் போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் போட்டு, கடையின் ஃபைல்களுக்கும் கணக்குக்கும் சின்ன சர்வராக ஓட்டுகிறேன். கரண்ட் போனாலும் அது போகாது, உள்ளேயே பேட்டரி இருக்கிறதே! ஒரே குறை, நாள் முழுக்க சார்ஜில் கிடந்தால் பேட்டரி உப்பும். ஒரு டைமர் ப்ளக் வாங்கி, இரண்டு மணி நேரம் மட்டும் ஏறும்படி வைத்தேன். தமிழும் பர்மியமும் முதலில் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தன; எழுத்துருவைத் தனியாகப் போட வேண்டியிருந்தது.

அந்தப் பையனின் போன் பிழைத்தது. அந்த மாடலுக்கு உரிய லோடர் ஃபைல் என்னிடம் இருந்ததால், பின்மூடி திறக்காமலே பழைய ஆண்ட்ராய்டை ஏற்றினேன். ஐ.எம்.இ.ஐ. தப்பியது அவன் அதிர்ஷ்டம், என் திறமை இல்லை. பத்து நாள் கழித்து மறுபடி வந்தான், தாத்தாவின் அலமாரியில் கிடந்த பழைய போனோடு. நான் வாயைத் திறப்பதற்குள் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். உள்பெயர், சிப், ஐ.எம்.இ.ஐ. எல்லாம் அவன் கையெழுத்தில். லினக்ஸ் ஏறும் போன்களின் பட்டியலில் தேடிப் பார்த்தோம். அந்த மாடலே இல்லை.

"அப்ப தொடலைண்ணே" என்று திரும்பப் பையில் போட்டுக்கொண்டான்.