அட்டையில் மிச்சமிருக்கும் மாத்திரைகள்

"வாரத்துக்கு ஒண்ணு போட்டாப் போதுமாமே தம்பி, அந்தச் சுகர் மாத்திரை இருக்கா?"

தங்கச்சிமடத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. கேட்பவர்களில் பாதிப் பேர் படகுத் தொழிலுக்குப் போகிறவர்கள்.

அப்படி மாத்திரை உண்டு. ஒமாரிகிளிப்டின், டிரெலாகிளிப்டின் என்ற இரண்டுக்கும் ஜப்பான் 2015-இல் அனுமதி கொடுத்தது. அமெரிக்காவில் ஒமாரிகிளிப்டினுக்கு அனுமதி கேட்கப்போவதில்லை என்று மெர்க் நிறுவனம் அடுத்த வருடமே ஒதுங்கிக்கொண்டது. மருந்தில் கோளாறு என்றில்லை, வியாபாரக் கணக்கு.

இரண்டும் நாங்கள் தினமும் விற்கிற சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டினுக்குப் பங்காளிகள்தான். நாம் சாப்பிட்டதும் குடலில் ஒரு ஹார்மோன் சுரந்து இன்சுலினைத் தூண்டும். டிபிபி-4 என்ற நொதி அதைச் சில நிமிடங்களில் உடைத்துவிடும். இந்த மாத்திரைகள் அந்த நொதியைக் கட்டிப்போடுகின்றன. தினசரி மாத்திரையான சிட்டாகிளிப்டினின் கட்டு ஒருநாள் நிற்கும், வார மாத்திரையின் கட்டு ஏழு நாள். சர்க்கரையைக் குறைப்பதில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான், எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எண், பெரும்பாலும் ஒரு புள்ளிக்கும் குறைவாகத்தான் இறங்கும். 9.5 வைத்திருப்பவருக்கு வாரமானால் என்ன, தினமானால் என்ன, இது மட்டும் போதாது. அவர் எப்படியும் மெட்ஃபார்மின் போட்டாக வேண்டும், அது தினசரி. ஆக, அட்டை குறையப்போவதில்லை, ஒன்று கூடத்தான் போகிறது.

எனக்குக் கண் திறந்தது ஒரு அண்ணனால். இராமேசுவரத்திலிருந்து விசைப்படகில் போகிறவர். திங்கள், புதன், சனி காலையில் கிளம்பினால் மறுநாள் காலைதான் கரை. கிளிமிப்பிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை. மாதம் முப்பது வாங்க வேண்டியவர் பதினைந்து, பதினாறோடு நிறுத்திக்கொள்வார். "மறந்துருவாருய்யா, வார மாத்திரை இருந்தா குடுங்க" என்று அவர் மனைவி வந்து நின்றார். அண்ணனைத் தனியாகக் கேட்டேன். மறதியே இல்லை. ஒருநாள் விடியற்காலம், வலை இழுத்துக்கொண்டிருந்தபோது கைகால் நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கண் இருட்டிவிட்டதாம். முந்தின ராத்திரி மாத்திரை போட்டிருக்கிறார், சரியாகச் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து கடலுக்குப் போகிற நாளில் மாத்திரையைத் தொடுவதில்லை. நடுக்கடலில் விழுந்தால் யார் தூக்குவது என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அது கிளிமிப்பிரைடின் வேலை. சாப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது இன்சுலினைப் பிழிந்து எடுக்கும். டிபிபி-4 மாத்திரை அப்படியல்ல, சர்க்கரை ஏறினால்தான் வேலை செய்யும், தனியாகப் போட்டால் தாழ்சர்க்கரை அபூர்வம். நடந்ததை மருத்துவரிடம் அப்படியே சொல்லச் சொல்லி அனுப்பினேன். அவர் கிளிமிப்பிரைடை நிறுத்தி, சிட்டாகிளிப்டினும் மெட்ஃபார்மினும் சேர்ந்ததாக மாற்றினார். 2022-இல் சிட்டாகிளிப்டினின் காப்புரிமை முடிந்த பிறகு விலையும் இறங்கிவிட்டது. இப்போது அண்ணன் முப்பதும் வாங்குகிறார். இதையெல்லாம் கேட்காமல் பழைய மாத்திரையோடு வார மாத்திரை ஒன்றைச் சேர்த்திருந்தால், பயம் அப்படியே இருந்திருக்கும்.

வார மருந்தில் எனக்குள்ள கவலை வேறு. சின்னப்பாலத்து அக்கா ஒருவர், கடல்பாசி எடுப்பவர். வாரம் ஒன்று என்று எழுதிய 60,000 யூனிட் வைட்டமின் டி-யை நாலு நாள் தொடர்ந்து போட்டுவிட்டு ஐந்தாவது நாள் கடைக்கு வந்து, "தீர்ந்துபோச்சு தம்பி" என்றார். மாத்திரை என்றால் தினமும் என்றுதான் நம் கைக்குப் பழக்கம்.

அதனால் வார மாத்திரை எழுதப்பட்டால் ஒரு கிழமையைக் கட்டிவையுங்கள். கீழக்கரையில் ஜும்ஆ, எங்கள் ஊரில் ஞாயிறு திருப்பலி, எது தோதோ அது. மறந்தால் நினைவு வந்ததும் ஒன்று, பிறகு பழைய கிழமைக்கே திரும்பிவிடலாம். ஒரே நாளில் இரண்டு கூடாது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வாரம் ஒருமுறை மட்டும் யாராவது வந்து பார்க்கிற முதியவருக்கு இது உண்மையிலேயே உதவும். ஆனால் இரண்டு மருந்துமே பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை பார்க்காமல் தொடங்கக் கூடாது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அளவைக் குறைக்க வேண்டும். இதே குடும்பத்துத் தினசரி மாத்திரையான லினாகிளிப்டினுக்கு அந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, முதுகு வரை பரவும் கடும் வயிற்றுவலி வந்தால் (கணைய வீக்கமாக இருக்கலாம்) தினசரி மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடலாம். வார மாத்திரையையும் நிறுத்தலாம்தான், ஆனால் போட்டது நாள் கணக்கில் உள்ளேயே இருக்கும்.

செமாகுளுடைடு என்ற இன்னொரு சர்க்கரை மருந்தையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அதில் ஊசிதான் வாரம் ஒன்று. மாத்திரை தினமும், வெறும் வயிற்றில், 120 மில்லிக்கு மேல் போகாத தண்ணீரோடு, அப்புறம் அரை மணி நேரம் டீ கூடக் கிடையாது. காலை டீ இல்லாமல் படகு ஏறுகிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது சீட்டோடு, வீட்டில் மிச்சமிருக்கிற அட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கூச்சமாக இருந்தால் முதலில் கடைக்குக் கொண்டுவாருங்கள், எண்ணிப் பார்த்துவிடலாம்.