ரெக்சின்: சொல்லும் கிழிசலும்

மாயவரத்திலோ மன்னார்குடியிலோ குஷன் கடையில் போய் ‘வினைல் இருக்கா?’ என்று கேட்டால் கடைக்காரர் கொஞ்சம் யோசிப்பார். ‘ரெக்சின்’ என்றால் அடுத்த நொடி சுருளை உருட்டி விரித்துவிடுவார். டவுன் பஸ் இருக்கை, பைக் சீட், கல்யாண மண்டபத்து நாற்காலி, வீட்டு சோபா என்று டெல்டாவில் நாம் உட்கார்வதில் பாதி ரெக்சின் மேல்தான்.

ரெக்சின் என்பது முதலில் வணிகப் பெயர். இங்கிலாந்தில் மான்செஸ்டரை அடுத்த ஹைட் என்ற ஊரில் இருந்த ஒரு நிறுவனத்தின் சரக்கு அது. செல்லுலோஸ் நைட்ரேட், கற்பூர எண்ணெய், ஆல்கஹால், நிறமி ஆகியவற்றைக் குழம்பாக்கித் துணியில் பூசி, தோலின் வரி தெரியும்படி அச்சு அழுத்துவார்கள். அந்நாட்டு ரயில் பெட்டிகளுக்குள் அது நிறையவே புழங்கியது. இன்று நம் கடைகளில் விற்பது அந்தச் சரக்கு இல்லை, துணிமேல் பி.வி.சி. (பாலி வினைல் குளோரைடு) என்ற பிளாஸ்டிக் பூசியது. எந்த வனஸ்பதியையும் டால்டா என்பதுபோல, சரக்கு மாறியும் பெயர் ஒட்டிக்கொண்டது. இந்தப் பூச்சுக்கு ஏற்ற பேஸ்ட் வகை பி.வி.சி. காவிரிக்கரையில், மேட்டூரிலேயே தயாராகிறது.

பி.வி.சி.யின் நடுவில் இருக்கும் ‘வி’தான் வினைல். ‘வினும்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பொருள், திராட்சை மது. வேரைப் பிடித்துத் ‘தேறல்தோல்’ என்று தமிழாக்கினால் குஷன் கடைக்காரர் வேறு கடைக்குத்தான் வழிகாட்டுவார்.

எழுத்தில் பரவலாக இருப்பது ‘செயற்கைத் தோல்’. தவறில்லை. ஆனால் அது பொருள் எதைப்போல் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது, எதனால் ஆனது என்பதைச் சொல்வதில்லை. ‘தோல்துணி’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மேலே தோல்போன்ற பூச்சு, அடியில் துணி. வீட்டில் கிழிசலைச் சரிசெய்ய உட்காரும்போது இந்த ‘துணி’தான் கைகொடுக்கும்.

பலரும் செய்வது என்ன? கிழிசலின் இரு விளிம்பையும் சேர்த்துப் பிடித்து, மேலே ஃபெவிக்விக் விடுவது. அது காய்ந்தால் கண்ணாடிபோல் விறைக்கும். ரெக்சினோ உட்காரும்போதெல்லாம் வளையும். ஆகவே பசை பிடித்த கோட்டுக்குப் பக்கத்திலேயே அடுத்த கிழிசல் தொடங்கும். ஒட்டு மேலே அல்ல, கீழே போட வேண்டும். கிழிசலைவிடச் சுற்றிலும் இரண்டு விரற்கடை பெரிதாக ஒரு துணித்துண்டை வெட்டி, கிழிசல் வழியே உள்ளே நுழைத்து, பஞ்சுக்கும் ரெக்சினுக்கும் நடுவில் சுருக்கமில்லாமல் விரிக்க வேண்டும். பிறகு ரெக்சினின் அடித்துணியிலும் துண்டிலும், காய்ந்தபின்னும் வளையக்கூடிய பசையைத் தடவி, விளிம்புகளை நெருக்கி வைத்து அழுத்த வேண்டும். துணியைத் துணி பற்றிக்கொள்ளும். ஒரு இரவு யாரையும் அதில் உட்கார விடக்கூடாது (குழந்தைகள் உள்ள வீட்டில் இதுதான் கடினம்). மேலே தெரியும் கோட்டை அதே நிறத்து வினைல் பூச்சால் மறைப்பது அழகுக்கு மட்டும்தான். வலு அடியில் இருக்கிறது.

இன்னொரு சொல்லையும் பிரித்துக்கொள்ள வேண்டும். கிழிசல் வேறு, வெடிப்பு வேறு. ஆணியோ சாவியோ இழுத்தால் கிழிசல். வெயிலில் நின்ற பைக் சீட்டில் விழுவது பெரும்பாலும் வெடிப்பு. பி.வி.சி.யை இளக்கமாக வைத்திருக்கும் சேர்க்கைப் பொருள் சூட்டிலும் காலத்திலும் மெல்ல வெளியேறிவிட, பூச்சு விறைத்துப் பிளக்கிறது. அங்கே ஒட்டுப்போட்டால் அடுத்த இடத்தில் பிளக்கும். உறையை மாற்றுவதுதான் சிக்கனம்.

தைப்பதற்குப் பழந்தமிழில் ‘துன்னம்’ என்று பெயர். காவிரி கடலில் கலக்கும் புகாரின் தெருக்களைச் சொல்லும்போது சிலப்பதிகாரம் ‘துன்ன காரரும் தோலின் துன்னரும்’ என்கிறது: துணி தைப்பவர் ஒருவர், தோல் தைப்பவர் வேறொருவர். தோல்துணி தைக்கும் இன்றைய குஷன் கடைக்காரர் இருவருக்கும் வாரிசு. கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படையில், பாடிப் பரிசில் பெறும் கலைஞனான பொருநன் உடுத்தியிருப்பது ‘துன்னற் சிதாஅர்’, அதாவது வேற்று நூல் நுழைந்த தையல் கந்தல்.

ஆனால் வீட்டு வேலைக்குத் துன்னம் ஆகாது. கந்தல் துணியில் ஊசித்துளை நூலோடு இறுகிவிடும்; ரெக்சினில் போட்ட துளை துளையாகவே நிற்கும், வரிசையாகப் போட்டால் அந்த வரிசையிலேயே கிழியும். மூட்டுத் தையல் விட்டுப்போனால் மட்டும், பழைய துளைகளிலேயே ஊசியை ஏற்றித் தைக்கலாம். நடுவில் விழுந்த கிழிசலுக்கு நம் ஊர்ச் சொல்லான ‘ஒட்டு’ போதும். கடைக்குப் போனால் ரெக்சின் என்றே கேளுங்கள். எழுதும்போது தோல்துணி என்று எழுதுங்கள்.