அம்மாவின் விரல் ஏன் தவறுகிறது?

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 62 வயது. போனில் கேஸ் சிலிண்டருக்குப் பணம் கட்டும்போது 'செலுத்து' என்பதை அழுத்தப் போய், பக்கத்தில் இருக்கும் 'ரத்து' மேல் விரல் பட்டுவிடுகிறது. இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு, 'எனக்கெல்லாம் இது வராதுப்பா' என்று போனை வைத்துவிடுகிறார். வயதானால் கை அப்படித்தானா?"

வயதுக்கு இதில் கொஞ்சம் பங்கு உண்டு. பெரிய பங்கு அந்த பட்டனை வரைந்தவருடையது. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, கணக்குப் போட்டே காட்டலாம்.

கணக்கைக் கண்டுபிடித்தவர் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் 'விமானியின் தவறு' என்று சொல்லப்பட்ட 460 சம்பவங்களை அவரும் ஜோன்ஸ் என்ற சக ஆய்வாளரும் சேகரித்து, 1947ல் அலசினார்கள். ஒன்றுபோலவே இருக்கும் கைப்பிடிகளை அருகருகே வைத்ததால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை இழுத்தவர்கள் அதில் நிறையப் பேர். நன்றாகப் பயிற்சி பெற்ற இளைஞர்கள்! அவர்களுக்கே கை மாறியது என்றால் 'செலுத்து'வும் 'ரத்து'வும் ஒட்டி நிற்கும்போது யாருக்குத்தான் மாறாது?

அப்புறம் 1954ல் அவர் செய்த சோதனை மிக எளிமையானது. மேசையில் இரண்டு உலோகப் பட்டைகள், கையில் ஒரு கோல். 15 விநாடிக்கு இதையும் அதையும் மாறி மாறித் தட்ட வேண்டும். பட்டையின் அகலத்தைக் கால் அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலம் வரையும், இடைவெளியை இரண்டிலிருந்து பதினாறு அங்குலம் வரையும் மாற்றிப் பார்த்தார். ஓர் இலக்கைத் தொட ஆகும் நேரத்தைத் தூரமும் அகலமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்று தெரிந்தது.

அது எப்படி என்று புரிய, விடியற்காலையில் கடலூர் முதுநகர்ப் பக்கம் போய் உப்பனாற்று முகத்துவாரத்தைப் பார்த்தால் போதும். கடலிலிருந்து திரும்பும் படகு முதலில் குத்துமதிப்பாகத் திசை பிடித்து வேகமாக வருகிறது. வாய் நெருங்க நெருங்க வேகம் குறைகிறது. கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது என்று திருத்தித் திருத்தி உள்ளே நுழைகிறது. நம் கையும் இதையேதான் செய்கிறது. முதலில் ஒரே வீச்சு, அதன்பின் கண் பார்த்துச் சொல்லும் சின்னச் சின்னத் திருத்தங்கள். ராபர்ட் வுட்வொர்த் என்பவர் 1899லேயே இந்த இரண்டு கட்டங்களையும் பிரித்துக் காட்டிவிட்டார். வயதாகும்போது மெதுவாவது பெரும்பாலும் இரண்டாவது கட்டம்தான். முகத்துவாரம் அகலமாக இருந்தால் திருத்தம் குறைவு, நேரமும் குறைவு.

இப்போது கணக்கு. தூரத்தை இரண்டால் பெருக்கி, இலக்கின் அகலத்தால் வகுங்கள். வரும் எண்ணை எத்தனை முறை பாதியாக்கினால் 1 வரும் என்று பாருங்கள். அந்த எண்ணிக்கை கூடக் கூட, தொட ஆகும் நேரமும் கூடும். விரலிலிருந்து 8 செ.மீ. தள்ளி, 1 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டன் இருக்கிறது. 16 வருகிறது, நான்கு முறை பாதியாக்க வேண்டும். பட்டனை 2 செ.மீ. ஆக்கினால் 8, மூன்று முறை போதும். அந்த 2 செ.மீ. பட்டனையே 16 செ.மீ. தூரத்துக்குத் தள்ளி வைத்தாலும் மறுபடி நான்குதான். தூரம் இரண்டு மடங்கானதை அகலம் ஈடுகட்டிவிட்டது. ஒவ்வொரு திருத்தமும் மீதித் தூரத்தில் ஒரு பங்கைக் குறைக்கிறது என்று வைத்துக்கொண்டால் இந்தப் பாதிக் கணக்கு ஏன் வருகிறது என்பதும் விளங்கும். உலோகப் பட்டைக்கு எழுதிய விதி மவுஸுக்கும் பொருந்தும் என்று 1978ல் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் கார்டும் சகாக்களும் காட்டினார்கள். எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். தேவனாம்பட்டினம் மணலில் ஃபைபர் படகு கரையேறுவதைப் பார்த்திருப்பீர்கள். வேகத்தைக் குறைக்காமல் வந்து, கடைசி நொடியில் இன்ஜினைத் தூக்கிவிட்டு, மணலில் ஏறி நிற்கும். திருத்தமே தேவையில்லை, மணல் நிறுத்திக்கொள்கிறது. கணினித் திரையின் ஓரமும் அப்படித்தான். மவுஸை எவ்வளவு வேகமாக மேலே தள்ளினாலும் அம்புக்குறி விளிம்பைத் தாண்டாது. அதனால் விளிம்பை ஒட்டிய பட்டன், கண்ணுக்கு அரை அங்குலமாகத் தெரிந்தாலும் கைக்கு முடிவில்லாத உயரம் கொண்டது. மேக் கணினியில் மெனு திரையின் உச்சியில் ஒட்டியிருப்பதன் பலன் இது. விளிம்புக்கும் பட்டனுக்கும் நடுவே துளி இடைவெளி விட்டாலும் அந்த மணல் போய்விடும்.

போனில் இந்த மணல் கிடையாது. விரல் விளிம்பைத் தாண்டிப் போய்விடும், உறையின் மேடு வேறு இடிக்கும். போதாததற்கு, தொடும் கணத்தில் விரலே பட்டனை மறைத்துவிடுகிறது. கடைசித் திருத்தத்துக்குக் கண்ணின் உதவி இல்லை. அப்போது கைகொடுப்பது அளவும் இடைவெளியும் மட்டும்தான். ஆண்ட்ராய்டுக்கான கூகுளின் வழிகாட்டுதல் பட்டனின் தொடுபரப்பு சுமார் 9 மி.மீ. இருக்க வேண்டும் என்கிறது. படம் சின்னதாக இருக்கலாம், தொட்டால் வேலை செய்யும் பரப்பு பெரிதாக இருந்தால் போதும். கட்டத்தில் டிக் செய்யச் சொல்லும்போது பக்கத்து எழுத்தைத் தொட்டாலும் டிக் விழ வேண்டும். இதற்குச் செலவே கிடையாது, ஆனாலும் எத்தனையோ செயலிகளில் இது இல்லை.

தமிழுக்கு இன்னொரு சிக்கல். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த கட்டத்துக்குள் 'சமர்ப்பிக்கவும்' என்று திணிக்கிறார்கள். எழுத்து சிறுத்து, கண் தடுமாறி, அப்புறம் கை தடுமாறுகிறது. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைப்பவர்களின் விரல் நுனியைத் தோட்டின் எண்ணெய் அரித்துவிடும். மீனவர் விரலில் உப்புநீர். இந்த விரல்களுக்கு எத்தனை மில்லிமீட்டர் வேண்டும் என்று இங்கேயே அளக்க வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் புதுவைப் பல்கலைக்கழகமும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒரு போன், ஓர் அளவுகோல், நூறு பேருக்கான தேநீர்ச் செலவு. இதற்கு அரசு நிதி கொடுப்பதைவிடப் பயனுள்ள செலவு எனக்குத் தோன்றவில்லை. அளக்காத வரை 'எனக்கு வராது' என்று நம் அம்மாக்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். கைராசி இல்லை என்று சொல்வதைப் போன்ற நம்பிக்கைதான் அதுவும்.

சரி, வாசகர் இன்றே செய்யக்கூடியது. ஆண்ட்ராய்டு போனாக இருந்தால் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போங்கள். ஃபான்ட் சைஸ் எழுத்தை மட்டும் பெரிதாக்கும். டிஸ்ப்ளே சைஸைக் கூட்டினால் பட்டன்களும் சேர்ந்து பெரிதாகும், அதைக் கூட்டுங்கள். பணம் கட்டும்போது போனை மேசையில் வைத்து, கட்டைவிரலுக்குப் பதில் ஆள்காட்டி விரலால் தொடச் சொல்லுங்கள். அந்தச் செயலியை உருவாக்கியவர்களுக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள், 'ரத்து'வைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லி.