அல்சர் ஓட்டை அறுவை சிகிச்சை: செலவு யார் பொறுப்பு, ஓய்வு நாளுக்குக் கூலி உண்டா?

பல்லடம், சோமனூர் பக்கம் இரவு ஷிப்ட் தறி ஓட்டுகிறவர்களில் பலருக்கு வெறும் வயிற்றில் டீயும் இடுப்பு வலி மாத்திரையும்தான் துணை. அந்த மாத்திரையும் பீடிப் புகையும் சேர்ந்து இரைப்பையிலோ அதை ஒட்டிய சிறுகுடலிலோ உள்ள புண்ணை (அல்சரை) ஆழமாக்கும். ஒரு நாள் அது ஓட்டையாகிவிடும். கத்தியால் குத்தியது போல மேல்வயிற்றில் திடீர் வலி. தொட்டுப் பார்த்தால் வயிறு பலகை போல இறுகியிருக்கும். மற்ற வயிற்று வலிக்காரர் உருண்டு புரள்வார். இவரோ முழங்காலை மடக்கிக்கொண்டு அசையாமல் கிடப்பார். அசைந்தால் வலி உயிர் போகும்.

இந்த நேரத்தில்தான் நம் வீடுகளில் வாயுப் பிடிப்பு என்று சோடா கொடுக்கிறார்கள். எங்கள் வீதியில் ஒருவருக்கு அப்படியே ஒரு பகல் முழுவதும் போய்விட்டது. தயவுசெய்து கொடுக்காதீர்கள். குடிப்பதெல்லாம் அந்த ஓட்டை வழியாக வெளியேறி, குடலைச் சுற்றியுள்ள வயிற்றறைக்குள் கொட்டும். ஒரு வாய் தண்ணீர்கூட வேண்டாம். 108 ஆம்புலன்ஸை அழையுங்கள், வண்டிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கோவை, திருப்பூர், நாமக்கல், கரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் ஈரோட்டுக்காரர்களுக்குப் பெருந்துறையும் இருக்கின்றன. அரசு மருத்துவமனையில் இந்த அறுவை சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. காப்பீட்டு அட்டை வீட்டில் இருக்கிறது, பிறகு போகலாம் என்று ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். ஓட்டை விழுந்த பிறகு கழியும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்தைக் கூட்டுகிறது.

தனியார் மருத்துவமனை என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை. ஆனால் அந்த மருத்துவமனை திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டால் சொல்வார்கள். சேர்ந்த மருத்துவமனையில் காப்பீட்டுப் பிரிவுக்கென்று ஓர் ஆள் இருப்பார். நோயாளியுடன் வந்தவர்களில் ஒருவர் நேராக அவரிடம் போய், துளை வழி அறுவை சிகிச்சைக்கும் (வயிற்றைத் திறக்காமல், சிறு துளைகள் போட்டுக் கேமராவில் பார்த்துச் செய்வது) திட்டத் தொகை முழுவதும் பொருந்துமா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். முன்பணம் கேட்டால் அதே எண்ணில் புகார் சொல்லலாம்.

இந்தத் திட்டத்தின் அட்டை வாங்கக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு, குடும்ப அட்டை, ஆதாருடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்வார்கள். வலி வந்த பிறகு அலைவதைவிட, வேலை இல்லாத ஒரு நாளில் போய் முடித்துவிடுங்கள்.

1,20,000 என்றால் மாதம் 10,000. பனியன் கம்பெனியில் பலர் அதற்கு மேல் வாங்குகிறார்கள். அவர்களுக்கான கதவு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்கு 0.75 சதவீதம் பிடிப்பார்கள். 20,000 ரூபாய்க்கு 150 ரூபாய். சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் உங்களுக்கும் குடும்பத்துக்கும் கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்.

பலருக்குத் தெரியாத உரிமை ஒன்றும் இதில் உண்டு. நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை, உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். அதற்குரிய ஆறு மாதக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று கட்டாயம். வெளியே அறுவை சிகிச்சை நடந்திருந்தாலும், டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு உங்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குத் தாமதிக்காமல் போய்ச் சான்று கேளுங்கள். கூலி போகிறதே என்று பத்தாம் நாளே தறிக்குத் திரும்புகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது.

இனி சிகிச்சை. வயிற்றில் மூன்று நான்கு சிறு துளைகள் போட்டு, கேமராவில் பார்த்தபடி ஓட்டையைத் தைப்பார்கள். உள்ளே திரை போலத் தொங்கும் கொழுப்புச் சவ்வை இழுத்து அதன்மேல் ஒட்டுப் போடுவார்கள். சிந்தியதையெல்லாம் உப்புநீரால் கழுவி எடுப்பார்கள். வலி குறைவு, காயத்தில் சீழ் பிடிப்பதும் குறைவு. ஆனால் தாமதமாக வந்து ரத்த அழுத்தம் இறங்கியிருந்தாலோ ஓட்டை பெரிதாக இருந்தாலோ வயிற்றைத் திறந்துதான் செய்வார்கள். அதற்காக மருத்துவரிடம் சண்டை பிடிக்காதீர்கள். துளை வழியாகத்தான் வேண்டும் என்று நள்ளிரவில் அடுத்த ஊருக்கு நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டாம்.

மூக்கில் ஒரு டியூப், வயிற்றில் ஒரு டியூப் சில நாள் இருக்கும். தோளில் வலித்தால் பயப்பட வேண்டாம். உள்ளே செலுத்திய வாயு மிச்சம் இருப்பதால் வருவது. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வீடு திரும்பலாம். துளை வழி சிகிச்சை என்றாலும் சில வாரங்களுக்குப் பாவு உருளையோ தேங்காய் மூட்டையோ தூக்கக் கூடாது. காய்ச்சல், தொடர் வாந்தி, வயிறு உப்பல் வந்தால் அன்றே திரும்பிப் போக வேண்டும்.

தையல் ஆறியதும் நோய் போய்விட்டதாக எண்ணிவிடுவார்கள். எச். பைலோரி என்ற கிருமி இருந்தால் 14 நாள் மாத்திரையை ஒரு வேளைகூட விடாமல் முடிக்க வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை இனி வேண்டாம். பீடி, சிகரெட்டும் வேண்டாம். புண் இரைப்பையில் இருந்திருந்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் எண்டோஸ்கோபி செய்து சதை எடுத்துப் பரிசோதிப்பார்கள், சில நேரம் அது புற்றுநோயாக இருக்கும் என்பதால். எந்தத் தேதியில் வர வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.