நீளத்தைப் பார்த்து வாக்கியத்தை வகைப்படுத்தலாமா?

தனிநிலை (ஒரே பயனிலை, அதாவது வாக்கியத்தை முடிக்கும் சொல், கொண்டது), தொடர்நிலை (ஒரே எழுவாய் பல பயனிலை கொள்வது), கலவை (முதன்மைத் தொடரோடு துணைத்தொடரும் சேர்ந்தது) என்று வாக்கிய வகைகளை மாணவர்கள் கடகடவென ஒப்பிப்பார்கள். புதிதாக ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் நீளத்தைத்தான் பார்ப்பார்கள். "சேரரும் சோழரும் பாண்டியரும் புலவர்களுக்குப் பொன்னும் பொருளும் பரிசளித்தனர்" என்பது நீளமானாலும் தனிநிலைதான், பயனிலை ஒன்றே. "மழை பெய்தால் நனைவாய்" மூன்றே சொல், ஆனால் 'மழை பெய்தால்' என்ற துணைத்தொடர் இருப்பதால் கலவை.

எனவே வகைப்பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒவ்வொரு வினையிலும் நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள். 'வந்தாள்' என்றால் வாக்கியம் நிற்கும். 'வந்து' என்றால் "வந்து என்ன செய்தாள்?" என்று கேட்கத் தோன்றும். 'வந்த' என்றால் "வந்த யார்?" 'வந்தாள்' போன்ற முற்றுக்கு அடிக்கோடு, 'வந்து' போன்ற வினையெச்சத்துக்கு வட்டம், 'வந்த' போன்ற பெயரெச்சத்துக்குக் கட்டம் போடச் சொல்லுங்கள். "அவர் என் மாமா" போல வினையே இல்லாத வாக்கியங்களையும் முதல் நாளே காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் வினையைத் தேடித் தேடி, இது வாக்கியமே இல்லை என்பார்கள்.

அடுத்தது மாற்றி எழுதுவது. "கயல் நூலகம் சென்றாள். அகராதியை எடுத்தாள்." இதைத் தொடர்நிலையாக்கினால், "கயல் நூலகம் சென்றாள், அகராதியை எடுத்தாள்." பெயரெச்சம் வைத்தால், "நூலகம் சென்ற கயல் அகராதியை எடுத்தாள்." வினையெச்சத்தால் இணைத்தால், "கயல் நூலகம் சென்று அகராதியை எடுத்தாள்." இந்தக் கடைசி அமைப்பை எந்த வகையில் சேர்ப்பது என்பதில் ஒரே கருத்து இல்லை. தேர்வில் வகை கேட்காமல் விடுவதே நியாயம்.

அதிகம் சறுக்குவது 'வந்து', 'எறிந்து' போன்ற 'செய்து' வகை எச்சத்தில்தான். இந்த எச்சத்துக்கும் அது சென்று முடியும் வினைக்கும் வினைமுதல், அதாவது செயலைச் செய்பவர், ஒன்றாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. "ரவி பந்தை எறிந்து ஜன்னல் உடைந்தது" என்று எழுதுவார்கள். எறிந்தவன் ரவி, உடைந்தது ஜன்னல், வினைமுதல் மாறிவிட்டது. "ரவி பந்தை எறிந்ததில் ஜன்னல் உடைந்தது" என்றால் சரி. ஒவ்வொரு வினைக்கும் "யார், எது?" என்று கேட்க வைத்தால் பிழை தானே தெரியும். "மழை பெய்து நெல் விளைந்தது" சரிதானே என்று ஒருவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. அங்கே 'பெய்து' என்பது 'பெய்ய' என்ற பொருளில் வருகிறது. இலக்கண நூல்கள் ஏற்றுக்கொண்ட திரிபு அது. பொது விதி கைவந்த பிறகு சொல்லிக்கொடுத்தால் போதும்.

"வந்தான் மற்றும் சாப்பிட்டான்" என்று முற்றுகளை 'மற்றும்' போட்டு ஒட்டுவதையும் அடித்துத் திருத்துங்கள். 'வந்து சாப்பிட்டான்' என்பதே தமிழ் வழக்கு.

மேல் வகுப்பில் பெயரெச்சத்தின் இடம் முக்கியம். "தலைமையாசிரியரைப் பார்த்த மாணவனின் அம்மா": பார்த்தது யார்? வகுப்பு இரண்டாகப் பிரியும். அம்மா என்றால், "மாணவனின் அம்மா தலைமையாசிரியரைப் பார்த்தார்" என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள்.