கொதிநீர் கண்ட பேகலும் காணாத பேகலும்

அமெரிக்காவில் நியூயார்க்கை ஒட்டிய நியூ ஜெர்சியிலும் லாங் ஐலண்டிலும் புறநகர்க் கடை வரிசைகளில் பேகல் கடைக்குப் பஞ்சமில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் நடுவில் துளையிட்ட வட்ட ரொட்டிகள் குவிந்திருக்கும். எள், கசகசா, வெங்காயம் என்று மேல்தூவலும் எல்லாக் கடைகளிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனாலும் ஒரு கடை பேகல் பல்லுக்கு ஈடுகொடுத்து இழுபடும், இன்னொரு கடையுடையது பன் மாதிரி அமுங்கிவிடும். முதலாவது ஓவனுக்குப் போகும் முன் ஒரு நிமிடம் கொதிநீரில் கிடந்தது. இரண்டாவது பெரும்பாலும் நீராவி ஓவனில் நேராக வெந்தது. அந்த ஒரு நிமிடத்தில் நடப்பதைத் தெரிந்துகொண்டால், கடைக்காரரைக் கேட்காமலே பேகலைப் பார்த்து அடையாளம் சொல்லிவிடலாம்.

பேகல் மாவு மிக இறுக்கமானது. சாதாரண ரொட்டிக்கு 100 கிராம் மாவுக்கு 65 முதல் 70 கிராம் தண்ணீர் சேர்ப்பார்கள். பேகலுக்கு 50 முதல் 58 கிராம்தான். மாவும் 13 முதல் 14 சதவீதம் புரதம் உள்ளதாக இருக்க வேண்டும். அந்தப் புரதம் பிசையும்போது குளூட்டன் வலையாகி, கிடைத்த தண்ணீரில் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்ளும். மாவுச்சத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். கோதுமை மாவுச்சத்தின் மணிகள் 60 டிகிரி செல்சியஸை ஒட்டி ஊதத் தொடங்கும். ஆனால் முழுதாக ஊதிக் கூழாக அவற்றுக்குத் தாராளமாகத் தண்ணீர் வேண்டும். உலர்ந்த ஓவனில் அது கிடைக்காது. மேற்பரப்பில் இருக்கிற ஈரமும் ஆவியாகிப் போய்விடும்.

கொதிநீர்க் கொப்பரை சூட்டையும் தண்ணீரையும் ஒருசேரக் கொடுக்கிறது. வெளித்தோலில் உள்ள மாவுச்சத்து மணிகள் நீரை உறிஞ்சி ஊதி, கசிந்து, ஒன்றோடொன்று ஒட்டி வழவழப்பான படலமாகின்றன. பருத்திப் புடவைக்குக் கஞ்சி போட்டுக் காயவைத்தால் மொடமொடப்பும் மினுக்கமும் வருவதற்குக் காரணமும் இதே படலம்தான். ஓவனில் அது காய்ந்து இறுகும்போது பேகலின் பளபளப்பான தோல் ஆகிறது.

மாவில் சூடு மெதுவாகத்தான் பரவும். ஒரு நிமிடத்தில் அது இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழமே இறங்கும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பேகலின் நடுப்பகுதி அப்போதும் குளிர்ந்தே இருக்கும், அங்குள்ள ஈஸ்டும் உயிரோடு இருக்கும். ஆக ஓவனுக்குள் போகும்போதே பேகலுக்கு வெந்த சட்டை ஒன்று போட்டாகிவிட்டது. உள்ளே வாயு விரியப் பார்க்கும், சட்டை விடாது. உள்சதை நெருக்கமாவதும் மெல்லும்போது எதிர்ப்புக் கிடைப்பதும் இதனால்தான். இரண்டு நிமிடத்துக்கு மேல் கொதிக்கவிட்டால் தோல் தடித்துத் தோல்வார் போலாகும். இருபது விநாடிக்குள் எடுத்தால் படலம் மெலிந்து, ஓவனில் விரிந்து கிழியும். பக்கத்துக்கு 30 விநாடி என்பது நம்பத்தக்க நடுவளவு.

நீராவி ஓவனில் நடப்பது வேறு. உள்ளே பாய்ச்சிய நீராவி குளிர்ந்த மாவின் மேல் படிந்து தண்ணீராகிறது. படிகிற நீர் ஒரு மெல்லிய பூச்சு அளவுதான், தோல் சூடேறியதும் படிவதும் நின்றுவிடும். ஊறுவதற்கு நேரமில்லை, சட்டையும் உருவாகாது. மாறாக, அந்த ஈரம் தோலைச் சற்று நேரம் நெகிழ வைப்பதால் ரொட்டி நன்றாகவே உப்பும். நல்ல ரொட்டிக்கு வேண்டிய குணம் அது, பேகலுக்கு நேர் எதிரானது.

கடைகள் ஏன் மாறின என்பதற்குச் செலவுதான் விடை. 1610இல் போலந்தின் கிராகோவ் யூதச் சமூகத்தின் விதிமுறைகளிலேயே இடம்பெற்ற பண்டம் இது. நியூயார்க்கில் அதைக் கையால் உருட்டிச் சுடுவது லோக்கல் 338 என்ற தொழிற்சங்கத்தாரின் கைத்தொழிலாக இருந்தது. டேனியல் தாம்சன் உருவாக்கிய பேகல் இயந்திரத்தை 1963இல் கனெக்டிகட்டின் லெண்டர்ஸ் நிறுவனம் வாடகைக்கு எடுத்ததோடு உருட்டும் வேலை கைவிட்டுப் போனது. பின்னர் வந்த நீராவி ஓவன் கொப்பரையையும் தேவையற்றதாக்கியது. தட்டுகள் அடுக்கிய வண்டியை ஒரே ஆள் உள்ளே தள்ளிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். கொப்பரை வைத்தால் போட, எடுக்க, திருப்பத் தேர்ந்த கை வேண்டும்.

இனி கடைக்குள் போவோம். முதலில் பேகலைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள், நிறைய செய்தி அங்கேதான் இருக்கிறது. பழைய முறையில், கொப்பரையிலிருந்து எடுத்த பேகலுக்கு எள்ளோ கசகசாவோ தூவி, ஈரச் சணல் துணி போர்த்திய மரப்பலகையில் தலைகீழாக வைத்து ஓவனுக்குள் விடுவார்கள். மூன்று நான்கு நிமிடம் அடிப்பக்கம் மேல்நோக்கிக் காயும். எள் ஈரத்துணியில் புதைந்திருப்பதால் கருகாது. பிறகு பலகையைப் புரட்டினால் பேகல் சுடுகல்லின் மேல் நிமிர்ந்து விழும். இப்படி வெந்ததன் அடி தட்டையாக, வரியோ புள்ளியோ இல்லாமல் இருக்கும். அடியில் வரிசையான புள்ளிகளோ வலைக்கட்டமோ பதிந்திருந்தால் துளைத்தட்டில் வெந்தது என்று பொருள். அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். கொதிக்கவைத்துவிட்டுத் தட்டில் சுடும் கடைகளும் உண்டு. தட்டுப்பதிவோடு மங்கலான தோலும், மாவு ஒட்டாமலிருக்கத் தட்டில் தூவும் சோளக்குருணை அப்படியே அப்பிய அடியும் சேர்ந்திருந்தால் கொதிநீர் படவில்லை என்பது ஏறக்குறைய உறுதி. கொப்பரைக்குள் போயிருந்தால் அந்தக் குருணையில் பெரும்பகுதி கழுவப்பட்டிருக்கும்.

அடுத்து தோல். பளபளப்பை மட்டும் நம்பக் கூடாது, முட்டை பூசினாலும் மினுங்கும். மினுக்கத்தோடு கடுகளவில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை நான்கு டிகிரி அளவில் 12 முதல் 18 மணி நேரம் குளிரில் வைத்துப் புளிக்கவிட்ட மாவின் அடையாளம். கொப்புளம் குளிருக்குச் சான்று, மினுக்கம் கொப்பரைக்குச் சான்று. இரண்டும் சேர்ந்திருக்கும் கடையை விடாதீர்கள். பெரிய உருவத்தைக் கண்டு மயங்கவும் வேண்டாம். கொதித்த பேகல் பார்வைக்குச் சிறிதாகவும் கைக்குக் கனமாகவும் இருக்கும். துளை மறையும்படி உப்பியிருந்தால் அங்கே சட்டை போடப்படவில்லை.

'கொப்பரையில் கொதித்தது' என்று பலகை மாட்டிய கடையிலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: எங்கே கொதித்தது? தொழிற்சாலையில் கொதிக்கவைத்து, அரைவேக்காட்டில் உறையவைத்து அனுப்புவதைக் கடையில் சுட்டெடுப்பதும் நடக்கிறது. பலகை பொய்யல்ல, ருசி மட்டும் குறையும். "கொதிக்கவைப்பது இங்கேயா? தண்ணீரில் என்ன சேர்க்கிறீர்கள்?" என்று கேளுங்கள். கொப்பரை வைத்திருக்கும் கடைக்காரர் பார்லி மால்ட் பாகு (முளைகட்டிய பார்லியிலிருந்து எடுக்கும் இனிப்புப் பாகு) என்று சட்டெனச் சொல்வார். மால்ட்டின் சர்க்கரை தோலைச் சிவக்க வைத்து மணம் கொடுக்கிறது. கனடாவின் மான்ட்ரியல் நகரப் பாணியில் அதற்குப் பதில் தேன். அங்கே விறகடுப்பில் சுடுவார்கள், பேகலும் மெலிந்து இனிப்பாக இருக்கும்.

நியூயார்க் தண்ணீர்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்ற பேச்சுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பதில்லை. அந்த நகரத்து நீர் மென்னீர், உப்புகள் குறைந்தது. மாவின் இறுக்கத்தில் அதற்குச் சிறு பங்கு உண்டு. மாவின் புரதம், குளிரில் கிடந்த நேரம், கொப்பரை ஆகிய மூன்றுக்கும் முன்னால் அது பெரிதில்லை.

அருகில் நல்ல கடை அகப்படாவிட்டால் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அதிகப் புரத மாவு 500 கிராம், தண்ணீர் 280 கிராம், உப்பு 10 கிராம், மால்ட் பாகு 15 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம். பத்துப் பன்னிரண்டு நிமிடம் அழுத்திப் பிசைந்து, 115 கிராம் வீதம் ஏழு உருண்டை பிடித்து, கயிறாக உருட்டி உள்ளங்கையைச் சுற்றி இணைக்கவும். துளை நான்கு சென்டிமீட்டராவது இருக்கட்டும், பின்னர் சுருங்கும். அரை மணி நேரத்துக்குப் பிறகு ஒன்றைக் குளிர்ந்த நீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் பொறுங்கள். மிதந்ததும் குளிர்பெட்டியில் ஓர் இரவு. மறுநாள் நான்கு லிட்டர் கொதிநீரில் மூன்று மேசைக்கரண்டி மால்ட் பாகு கரைத்து, இரண்டு மூன்றாகப் போட்டு எடுக்கவும். மொத்தமாகப் போட்டால் கொதி அடங்கித் தோல் பிசுபிசுக்கும். 230 டிகிரியில் 16 முதல் 20 நிமிடம் சுட்டால் போதும். கொப்பரையில் சுருங்கித் தட்டையானால் மாவு அளவுக்கு மீறிப் புளித்துவிட்டது. குளிர்பெட்டிக்கு முந்தைய நேரத்தை அடுத்த முறை குறையுங்கள். ஒரே மாவில் இரண்டை மட்டும் கொதிக்கவைக்காமல் சுட்டுப் பாருங்கள், புறநகர்க் கடைகளின் வித்தியாசம் உங்கள் தட்டிலேயே தெரியும்.

கொழுப்புச் சேர்க்காத பேகல் அன்றைக்கே உண்ண வேண்டியது, மாலைக்குள் இறுகத் தொடங்கும். மூன்று நாள் மெத்தென்று இருந்தால் அதில் மென்மையூட்டிகள் இருக்க வாய்ப்பு அதிகம். மிஞ்சியதைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். கூழான மாவுச்சத்து மீண்டும் படிகமாவது அந்தக் குளிரில்தான் விரைவு. வாங்கிய அன்றே குறுக்கே வெட்டி, காற்றுப் புகாத பையில் உறைபெட்டியில் வைத்து, வேண்டும்போது எடுத்து நேராக டோஸ்டரில் போடுங்கள்.