ஏ.பி. ஒரிஜினல்: ஒரு பெயரும் அதற்குள் இருக்கும் சொல்லும்

சான்றிதழ் சரிபார்க்கும் இடத்தில் "ஒரிஜினல் கொண்டு வந்தீர்களா?" என்று கேட்பார்களே, அந்த ஒரிஜினல்தான். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பிரிக்ஸ், டிரையல்ஸ் என்ற இரண்டு ராப் பாடகர்கள் அந்தச் சொல்லை எடுத்து, தங்கள் குழுவுக்கு 'ஏ.பி. ஒரிஜினல்' என்று பெயர் வைத்தார்கள். வேகமாகச் சொல்லிப் பாருங்கள், ஆஸ்திரேலியாவின் முதல் குடிகளைக் குறிக்கும் 'அபொரிஜினல்' என்ற ஆங்கிலச் சொல் காதில் விழும்.

அபொரிஜினல் என்பது லத்தீன் வழி வந்த சொல். 'அப் ஒரிகினே' என்றால் 'தொடக்கத்திலிருந்தே' என்று பொருள். ரோமர்கள் தங்கள் லாத்தியம் பகுதியில் ஆதியில் வாழ்ந்ததாக நம்பிய மக்களை இப்படி அழைத்தார்கள். ஆக, இந்தப் பெயரை முதலில் சுமந்தவர்கள் இத்தாலி மண்ணின் மக்கள். பிறகு ஆங்கிலத்தில் எந்த நாட்டின் முதல் குடிகளுக்கும் உரிய பொதுச்சொல்லானது. 1788-ல் ஆங்கிலேயர் குடியேறிய பின் ஆஸ்திரேலியாவில் நிலைத்துவிட்டது. அப்போது அங்கே 250-க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன. ஒவ்வொரு மக்களுக்கும் சொந்தப் பெயர் இருந்தது. அத்தனை பேரையும் ஒரே சொல்லில் அடைத்தார்கள்.

அதோடு விடவில்லை. அந்தச் சொல்லின் முதல் மூன்று ஆங்கில எழுத்துகளை மட்டும் வெட்டியெடுத்து வசைச்சொல்லாக்கினார்கள். இன்றும் அது அங்கே வலிக்கும் சொல். இப்போது குழுவின் பெயரைப் பாருங்கள். இரண்டாம் எழுத்துக்குப் பின் ஒரு புள்ளி. வசை அங்கேயே உடைகிறது, மிஞ்சுவது ஒரிஜினல். ஒரு புள்ளியால் இவ்வளவு செய்ய முடியும் என்பதை இந்தப் பெயரில்தான் கண்டேன்.

பிரிக்ஸ் விக்டோரியா மாநிலத்தின் ஷெப்பர்டன் ஊர்க்காரர், யோர்த்தா யோர்த்தா மக்களைச் சேர்ந்தவர். தனிப் பாடகராக 2010-லும் 2014-லும் ஆல்பங்கள் வெளியிட்டிருந்தார். டிரையல்ஸ் ஙாரிஞ்ஜெரி மக்களைச் சேர்ந்தவர், ஃபங்க்கோர்ஸ் என்ற ராப் குழுவில் இருந்தவர். (ஆங்கிலம் இரண்டு எழுத்தைக் கூட்டி எழுதும் அந்த முதல் ஒலிக்கு நம்மிடம் 'ங' என்று தனி எழுத்தே இருக்கிறது. 'ஙப்போல் வளை'க்கு அப்புறம் அதற்கு ஒரு நல்ல வேலை!)

இருவரும் சேர்ந்து 2016 நவம்பரில் முதல் ஆல்பத்தை வெளியிட்டார்கள். அதில் ஒரு பாடலின் பெயர் 'ஜனவரி 26'. 1788-ல் சிட்னியில் ஆங்கிலேயர் கொடி ஏறிய நாள் அது. அரசுக்கு ஆஸ்திரேலியா தினம், முதல் குடிகளில் பலருக்குத் துக்க நாள். அன்று என்ன கொண்டாட்டம் என்று நேராகக் கேட்கும் பாட்டு. டிரிபிள் ஜே வானொலி நேயர்கள் அதற்கு வாக்களித்து, ஆண்டின் சிறந்த 100 பாடல்களில் 16-ஆம் இடம் தந்தார்கள். அந்தப் பட்டியல் ஒலிபரப்பானது 2017 ஜனவரி 26 அன்றே! அடுத்த ஆண்டிலிருந்து பட்டியலை வேறு நாளுக்கு மாற்றிவிட்டது அந்த வானொலி.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ஆதிவாசி', 'பூர்வகுடி' இரண்டும் வழக்கில் உள்ளவை, ஆனால் வடசொல் கலந்தவை. 'பழங்குடி' நல்ல தமிழ். வறுமை வந்தாலும் பழங்குடியில் பிறந்தவர் பண்பு குன்றார் என்கிறது குறள் (955). அங்கே அது பெருமைச் சொல், தொன்றுதொட்டு வரும் நற்குடி. இன்று காதில் விழும்போது சாதிச் சான்றிதழும் அரசுப் பட்டியலும்தான் நினைவுக்கு வருகின்றன. அதனால் நான் 'தொல்குடி' என்பதையே எடுப்பேன். 'தொடக்கத்திலிருந்தே' என்ற லத்தீன் பொருள் அதில் அப்படியே நிற்கிறது. ஆங்கிலத்தில் இப்போது பரவிவரும் 'முதல் மக்கள்' என்ற வழக்குக்கு 'முதற்குடி' பொருந்தும்.

எந்த மக்கள் என்று தெரிந்தால் பொதுச்சொல்லே வேண்டாம். யோர்த்தா யோர்த்தா, ஙாரிஞ்ஜெரி என்றே எழுதலாம். குழுவின் பெயரை மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். 'தொல்குடி' என்று மாற்றினால் அந்தப் புள்ளி போய்விடும்.